நீலகிரி மலையில் அமெச்சூர் வானொலி இணைய வலையமைப்பு: வழித்தட மாற்றங்களைக் கையாளும் முறை

மலையில் அமைந்த ஒரு வானொலி வலையமைப்பில் வழித்தடத்தை மாற்ற முனைபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, மாற்றம் பிசகினால் அந்த ரூட்டரை மறுபடி எப்படி எட்டுவது என்பதாகும். புதிய வழி எது, அதற்கு எவ்வளவு முன்னுரிமை என்பவையெல்லாம் அடுத்த கேள்விகள். சமவெளி நகரத்தில் ரூட்டர் பெரும்பாலும் அடுத்த தெருவில் இருக்கும். நீலகிரியில் தொட்டபெட்டாச் சரிவிலோ கேத்திப் பக்கத்து மேட்டிலோ கம்பத்தில் ஏற்றப்பட்ட ரூட்டரைத் தொட வேண்டுமென்றால், சாவி வைத்திருப்பவர் ஊரில் இருக்க வேண்டும், மூடுபனி விலக வேண்டும், வனத்துறை நிலமானால் அனுமதி வேண்டும், சில மாலைகளில் காட்டெருமைகள் பாதையை விட்டு நகரும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும், திரும்பி வரும் வழியைக் கையில் வைத்துக்கொண்டே முன்னே நகர்வது என்ற ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறது.

விளக்கத்துக்காக ஒரு வலையமைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். குன்னூரில் ஃபைபர் இணைப்பும் நிலையான பொது ஐபி முகவரியும் கொண்ட கேட்வே, அதாவது மலை வலையமைப்பை இணையத்தோடு இணைக்கும் வாயில் கணினி, இருக்கிறது. உதகை, கோத்தகிரி, கூடலூர் ஆகிய மூன்று ஊர்களிலும் நிலையங்கள் இருக்கின்றன. உதகைக்கும் கோத்தகிரிக்கும் நடுவே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்பதால் நேர்பார்வை கிடையாது. சரிவில் ஒரு ரிலே, அதாவது வாங்கியதை மறுபுறம் கடத்தும் இடைநிலையம், வேண்டும். உதகையிலிருந்து குன்னூருக்கு அந்த ரிலே வழியாகவும் கேத்தி மேட்டில் உள்ள இன்னொரு ரிலே வழியாகவும் ஆக இரண்டு வழிகள் உள்ளன. கூடலூர் மேற்கே வெகு கீழே கிடப்பதால் நடுவட்டம் பக்கத்து முகட்டின் வழியாக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. மலையில் உண்மையாக அமையும் வலையமைப்புகள் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: ஓரிடத்தில் மாற்று வழி உண்டு, வேறோரிடத்தில் இல்லவே இல்லை.

முகவரிகளைப் பற்றி

அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்று 44-இல் தொடங்கும் ஐபி முகவரிகள் 1981-இல் ஒதுக்கப்பட்டன. ஹாங்க் மக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர், இதற்கு முன்னின்றார். இன்று இந்த முகவரிகளை ஏஆர்டிசி என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2019-இல் அந்தப் பரப்பின் கடைசிக் கால் பங்கு, அதாவது 44.192.0.0/10, அமேசான் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எஞ்சியிருப்பவை 44.0.0.0/9, 44.128.0.0/10 ஆகிய இரண்டு தொகுதிகள். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் தொகுதியின் அளவைக் குறிக்கிறது; எண் பெரிதாகப் பெரிதாகத் தொகுதி சிறிதாகும். இது பழங்கதைபோலத் தோன்றினாலும் வழித்தடத்தைப் பராமரிப்பவருக்கு இன்றும் நேரடியாகத் தேவைப்படும் செய்தி. 2019-க்கு முன் எழுதப்பட்ட அமைவுக் கோப்புகள் பலவற்றில் 44.0.0.0/8 முழுவதையும் டனலுக்குள், அதாவது ஒரு பாக்கெட்டை இன்னொன்றின் உள்ளே பொதிந்து அனுப்பும் வழிக்குள், அனுப்பும் ஒரே வரி இருக்கும். அந்த வரி இன்னும் உயிரோடிருக்கும் ரூட்டரின் பின்னால் அமர்ந்தவருக்கு, அமேசான் கணினிகளில் இயங்கும் சில இணையதளங்கள் மட்டும் காரணமே தெரியாமல் திறக்காது. எந்த மாற்றத்தைத் தொடங்கும் முன்பும் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்து, /9, /10 என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள்.

நம் மலைக்கு ஒரு /24 கிடைத்திருப்பதாகக் கொள்வோம். கடைசி எண் 0 முதல் 15 வரை குன்னூருக்கு, 16 முதல் 31 வரை உதகைக்கு, 32 முதல் 47 வரை கோத்தகிரிக்கு, 48 முதல் 63 வரை கூடலூருக்கு என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு /28 பிரித்துக் கொடுக்கலாம். ஊர்வாரியாக இப்படித் தொடர்ச்சியாகப் பிரிப்பது பின்னாளில் பெரிதும் உதவும். அழைப்புக்குறி வாரியாகத் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒரு நிலையம் இடம் மாறும்போதெல்லாம் ரூட்டிங் அட்டவணையில் தனித்தனி வரிகள் பெருகிக்கொண்டே போகும்.

வெளி வழி எப்படி இயங்குகிறது

44 வலையமைப்பின் பழைய முறை, உலகெங்கும் உள்ள கேட்வேக்கள் ஒன்றுக்கொன்று நேரடியாக ஐபி-க்குள்-ஐபி டனல் அமைத்துக்கொள்வது. எந்தச் சப்நெட் (முகவரித் துண்டு) எந்தப் பொது முகவரியின் பின்னால் இருக்கிறது என்ற பட்டியல், ஆர்ஐபி என்னும் வழித்தட அறிவிப்பு முறையின் இரண்டாம் பதிப்பு அறிவிப்புகளாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை மைய கேட்வேயிலிருந்து டனல் வழியே வரும். அந்த மைய கேட்வே நெடுங்காலமாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இயங்கி வந்தது. நடப்பில் உள்ள அதன் முகவரியைப் பழைய குறிப்புகளிலிருந்து எடுக்காமல் ஏஆர்டிசி-யின் பதிவுத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். லினக்ஸ் கேட்வேயில் ஆம்ப்ர்-ரிப்டி என்ற சிறு நிரல் இந்த அறிவிப்புகளைக் கேட்டு, தனி அட்டவணை ஒன்றில் வழித்தடங்களை எழுதும். தான் எழுதிய வரிகளில் 44 என்ற புரோட்டோகால் குறியை அது இடுவதால், கையால் எழுதியது எது, நிரல் எழுதியது எது என்று பிரித்தறிய முடியும். அவசரத்தில் அட்டவணையைத் துடைக்க நேரும்போது இந்தக் குறியின் அருமை தெரியும்.

இந்த டனலில் செல்லும் பாக்கெட்டுகள், இணையத்தில் வழக்கமாக ஓடும் வகைகளான டிசிபி-யும் அல்ல, யுடிபி-யும் அல்ல. ஐபி புரோட்டோகால் எண் 4. ஆகவே வீட்டு மோடத்தில் போர்ட் திறந்துவிடுவதால் பயனில்லை. இணைய சேவையாளர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருந்தால் டனல் அங்கேயே நின்றுவிடும். மொபைல் இணைப்புகளிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் இந்நிலைதான். எனவே கேட்வேயை ஒரு சேவையாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றத் திட்டமிடுபவர், வேகத்தையும் கட்டணத்தையும் கேட்பதற்கு முன் நிலையான பொது முகவரி உண்டா, புரோட்டோகால் 4 தடையின்றிப் போகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் பேசுபவருக்கு இரண்டாவது கேள்வி புரிவது அரிது. தற்காலிக இணைப்பு ஒன்றைப் பெற்று நாமே சோதித்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

இன்னும் இரண்டு நுட்பங்களை மறக்கக்கூடாது. 44 முகவரியை மூல முகவரியாகக் கொண்ட பாக்கெட் சாதாரண இணைப்பின் வழியே வெளியேற முயன்றால், தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத முகவரி என்று சேவையாளர் அதை வீசியெறிந்துவிடுவார். அது முறையான பாதுகாப்பு நடவடிக்கையே. ஆகவே மூல முகவரியைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் கொள்கை விதி கேட்வேயில் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்தது லினக்ஸின் எதிர்வழிச் சோதனை. ஒரு பாக்கெட்டின் மூல முகவரிக்குப் பதில் போகும் வழியும், அது வந்த இடைமுகமும் (கணினியின் இணைப்பு வாயில்) ஒன்றா என்று பார்ப்பது இது. 44 வலையமைப்பில் ஒரு பாக்கெட் மைய கேட்வே வழியாக வந்து, அதன் பதில் வேறொரு டனலில் நேரடியாகப் போவது இயல்பு. எதிர்வழிச் சோதனை கண்டிப்பான நிலையில், அதாவது 1 என்ற மதிப்பில் இருந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இத்தகைய பாக்கெட்டுகளைச் சத்தமின்றிக் கொன்றுவிடும். அதை 2 என்ற தளர்ந்த நிலைக்கு மாற்ற வேண்டும். அனைத்துக்கும் பொதுவான மதிப்பு, அந்த இடைமுகத்தின் மதிப்பு ஆகிய இரண்டில் எது பெரிதோ அதையே கெர்னல் எடுத்துக்கொள்வதால், ஓரிடத்தில் 0 என்று எழுதிவிட்டு நிம்மதியடைவது போதாது. இரண்டையும் வாசித்துப் பாருங்கள்.

மாற்றத்துக்கு முன்

தாள் ஒன்றில் எழுதுங்கள். கணினியில் எழுதினாலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வலையமைப்பு போன பிறகு அந்தக் கோப்பு அதே வலையமைப்பின் மறுபக்கத்தில் கிடக்கும். ஒரு நல்ல மாற்றத் தாள் பின்வருமாறு அமையலாம். இதில் செலவு என்பது ஒரு வழிக்கு ரூட்டரில் இடும் எண், குறைந்த எண் கொண்ட வழியே முந்தும்; பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்ப்பது, டிரேஸ்ரூட் என்பது பாக்கெட் கடக்கும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டுவது:

"மாற்றம்: உதகை–குன்னூர் போக்குவரத்தைக் கேத்தி ரிலேயிலிருந்து தொட்டபெட்டாச் சரிவு ரிலேக்குத் திருப்புதல். காரணம்: கேத்திக் கம்பத்தில் ஆன்டெனா தாங்கியை மாற்ற வேண்டியுள்ளது. இப்போதைய நிலை: கேத்தி வழிக்குச் செலவு 10, தொட்டபெட்டா வழிக்குச் செலவு 40. செய்யப்போவது: உதகை, குன்னூர் இரு முனைகளிலும் கேத்தி வழியின் செலவை 200 ஆக்குதல், முதலில் உதகை, பிறகு குன்னூர். சோதனை: இரு முனைகளிலிருந்தும் டிரேஸ்ரூட், பெரிய பாக்கெட்டுடன் பிங், கூடலூரிலிருந்து குன்னூருக்கு ஒரு கோப்பு. திரும்பும் வழி: செலவை மீண்டும் 10 ஆக்குதல், ரூட்டர் எட்டவில்லையெனில் 10 நிமிடத்தில் தானாக மீளும். கேத்தியின் சாவி யாரிடம், தொட்டபெட்டாவின் சாவி யாரிடம். குரல் தொடர்பு: இரண்டு மீட்டர் பட்டையில் குறித்த அலைவரிசை."

கடைசி வரி மிக முக்கியம். வலையமைப்பைச் சரிசெய்வதற்கான பேச்சு அந்த வலையமைப்பின் மீதே நடக்கக்கூடாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் கையடக்க ரிக் (வானொலிக் கருவி) ஒன்று ஒவ்வொரு முனையிலும் இருந்தால், "உதகையில் 200 போட்டாயிற்று, அண்ணா, குன்னூரில் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே மாற்றலாம். வாட்ஸ்அப்பை நம்பியிருந்தால் மலையில் செல்போன் கோபுரம் மின்தடையில் விழும் வேளையில் கை ஒடிந்துபோகும். வசதியுள்ளவர்கள் ரூட்டரின் சீரியல் கன்சோலை 1200 பாட் பாக்கெட் வானொலியுடன் இணைத்து வைக்கலாம். மிக மெதுவானது என்றாலும், ஒரே ஒரு கட்டளையைத் திருப்பிப் போடுவதற்கு 1200 பாட் தாராளமாகப் போதும்.

தானாக மீளும் ஏற்பாடு இல்லாமல் தொலைவிலுள்ள ரூட்டரைத் தொடவே வேண்டாம். மைக்ரோடிக் நிறுவனத்தின் ரூட்டரில் பாதுகாப்பு நிலை என்ற வசதி உண்டு. கன்ட்ரோலுடன் எக்ஸ் விசையை அழுத்தி அதற்குள் நுழைந்தபின் செய்யும் மாற்றங்கள், இணைப்பு அறுந்தால் தாமாகவே நீங்கிவிடும். இணைப்பு ஓசையின்றிச் செத்துப்போனால் அதை ரூட்டர் உணரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் உடனே பதறி அடுத்த ரூட்டரைத் தொடாமல் பொறுத்திருக்க வேண்டும். வயோஸ் என்னும் ரூட்டர் இயங்குதளத்தில், உறுதிப்படுத்தக் காத்திருக்கும் கமிட் கட்டளை இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைவு திரும்பும். சாதாரண லினக்ஸ் கணினியில், பழைய வழித்தடங்களை மீட்கும் சிறு ஸ்கிரிப்டை 10 நிமிடம் கழித்து ஓடும்படி முதலில் பதிவுசெய்துவிட்டு, மாற்றம் சரியென்று தெரிந்த பிறகு அதை ரத்துசெய்யுங்கள். மாற்றத்தை நிரந்தரக் கோப்பில் எழுதுவது அதற்குப் பிறகுதான். கோப்பில் எழுதாமல் இயங்கும் நினைவகத்தில் மட்டும் செய்த மாற்றம், மின்சாரத்தை ஒருமுறை துண்டித்தாலே மறைந்துவிடும் என்பது நமக்குச் சாதகம்.

நாளும் நேரமும் மலையில் தனிக் கவனம் பெற வேண்டியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கத்தை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் அடி குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் விழும். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்டதும் இந்தப் பகுதியில்தான். ஆகவே மேற்குக் கிளையில் செய்ய வேண்டிய வேலையை நவம்பருக்கும் கிழக்குக் கிளை வேலையை ஜூலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது மேலோட்டமான கணக்கு. பிப்ரவரி, மார்ச் மாதங்களே இரண்டுக்கும் நல்லவை. வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டால், எவ்வளவு சிறியதாயினும் எந்த மாற்றமும் கூடாது. இந்த வலையமைப்பு அத்தகைய நாளுக்காகவே இருக்கிறது. அன்று அது நேற்று இயங்கியதுபோலவே இயங்க வேண்டும். எச்சரிக்கை இல்லாத நாட்களில் காலை 9 மணியிலிருந்து நண்பகல் வரையான நேரமே ஏற்றது. பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும், கம்பத்துக்குப் போக வேண்டியிருந்தால் வெளிச்சமும் மிச்சமிருக்காது. மின்தடை நேரத்தில் பேட்டரியில் ஓடும் ரிலேயை மாற்றத்துக்கு உட்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

உள் வழிகளை மாற்றுதல்: வடியவிட்டு மூடுக

ஓர் இணைப்பைப் பராமரிப்புக்காக எடுக்க வேண்டுமானால், இடைமுகத்தைப் பட்டென்று அணைப்பது எளிது. ஆனால் அது மாற்று வழி உண்மையில் இயங்குகிறதா என்பதை இணைப்பைத் துண்டித்த பிறகே கண்டறியும் முறை. அதற்குப் பதிலாகச் செலவை உயர்த்துங்கள். ஓஎஸ்பிஎஃப், அதாவது ரூட்டர்கள் தமக்குள் பேசிக் குறைந்த செலவுள்ள வழியைத் தாமே தேரும் முறை, பயன்படுத்தும் வலையமைப்பில் கேத்தி வழியின் செலவை 10-இலிருந்து 200 ஆக்கினால், போக்குவரத்து தொட்டபெட்டா வழிக்கு நகரும். ஆனால் கேத்தி வழி உயிரோடு காத்திருக்கும். புதிய வழி அறுந்துபோனால், அதை ரூட்டர் உணர்ந்ததும் பழைய வழி தானாகக் கைகொடுக்கும். வாய்க்காலில் புது மடையைத் திறந்து நீர் பாய்வதைப் பார்த்த பின்பே பழைய மடையை அடைப்பதைப் போன்றது இது. ஒரு ரிலே முழுவதையும் பணியிலிருந்து எடுக்க வேண்டுமானால், அந்த ரூட்டர் தன் இணைப்புகள் அனைத்தையும் 65535 என்ற உச்சச் செலவில் அறிவிக்கும்படி செய்யலாம். ஆர்எஃப்சி 6987 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை விவரிக்கிறது. அப்போது அந்த ரிலேயைக் கடந்து போகும் போக்குவரத்து விலகிவிடும். ஆனால் அந்த ரிலேயையே நாம் எட்டிப் பார்க்க முடியும்.

செலவை இரு முனைகளிலும் மாற்ற வேண்டும் என்பது தாளில் இருந்தாலும் அடிக்கடி விடுபடுவது. உதகையில் மட்டும் மாற்றினால் போகும் பாக்கெட் தொட்டபெட்டா வழியாகவும் வரும் பாக்கெட் கேத்தி வழியாகவும் செல்லும். பிங் வெற்றிகரமாகவே தெரியும். கேத்தியை அணைத்த பின்னரும் ஓஎஸ்பிஎஃப் அதைச் சரிக்கட்டிவிடும் என்றாலும், நாம் சோதித்ததாக நினைத்தது பாதி வழியை மட்டுமே.

ரேடியோ இணைப்பைப் பற்றி ஓஎஸ்பிஎஃப்புக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ பாக்கெட் அனுப்பும். 40 விநாடி ஒன்றுமே வராவிட்டால்தான் அண்டை ரூட்டர் இறந்ததாக முடிவு செய்யும். அதாவது நான்கு ஹலோவில் ஒன்று போய்ச் சேர்ந்தாலே உறவு நீடிக்கும். மழையில் நனைந்த கற்பூர மரத்து இலைகளும் சீகை மரக் கிளைகளும் பாதையில் தலைநீட்டி, இணைப்பு பாக்கெட்டுகளில் மூன்றில் ஒன்றை இழந்துகொண்டிருந்தாலும் ஓஎஸ்பிஎஃப்பின் கண்ணுக்கு அது முழு ஆரோக்கியமான வழி. குரல் அழைப்பு அறுந்து அறுந்து கேட்கும், கோப்பு நகராது, அட்டவணையோ எல்லாம் நலம் என்று காட்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுவே முதல் ஃப்ரெனெல் மண்டலத்தின், அதாவது நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் வெளியின், ஆரம் சுமார் 11 மீட்டர். கண்ணுக்கு நேர்பார்வை தெளிவாக இருப்பதால் மட்டும் மரம் குறுக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே செலவைக் கணினி கணக்கிட விடாமல், மழைக்காலத்தில் அளந்த இழப்பைக் கொண்டு கையாலேயே நிர்ணயிப்பது நல்லது. வேகத்தைக் கொண்டு ஓஎஸ்பிஎஃப் தானாகக் கணக்கிடும் செலவில், அடிப்படை வேகம் 100 மெகாபிட் என்ற பழைய இயல்புநிலை இருக்கும் ரூட்டர்களில் 100 மெகாபிட்டும் 1 கிகாபிட்டும் ஒன்றேபோல் 1 என்றுதான் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். ரேடியோவின் பின்புறம் உள்ள ஈதர்நெட் போர்ட்டின் வேகத்தைத்தான் ரூட்டர் பார்க்கிறது. காற்றில் எவ்வளவு போகிறது என்பது அதற்குத் தெரியாது.

கூடலூரைப் போல ஒரே வழி கொண்ட நிலையத்துக்கு இந்த நளினங்கள் எதுவும் இல்லை. அங்கே கையால் எழுதி வைக்கும் ஸ்டாட்டிக் வழித்தடமே போதும். மாற்றம் செய்யும்போது அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கேட்வேயை மாற்றுதல்

குன்னூர் கேட்வேயின் பொது முகவரி மாறப்போகிறது என்று வைத்துக்கொள்வோம், பழையது 192.0.2.10, புதியது 198.51.100.20. இவை விளக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள். சரியான வரிசை, இரண்டு இணைப்புகளும் சில நாட்கள் ஒருசேர உயிரோடிருக்கும்படி ஏற்பாடு செய்வதில் தொடங்குகிறது. புதிய இணைப்பைக் கேட்வேயில் இரண்டாவது இடைமுகமாகச் சேர்த்து, அதன் வழியே புரோட்டோகால் 4 பாக்கெட் வந்து சேர்கிறதா என்று நண்பர் ஒருவரின் கேட்வேயிலிருந்து அனுப்பச் சொல்லி, வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரலான டிசிபிடம்ப்பில் பாருங்கள். தீச்சுவர் விதிகளைப் புதிய இடைமுகத்துக்கும் எழுதுங்கள். பெயர் சேவையகப் பதிவுகள் ஏதேனும் மாறுவதாயின், அவற்றின் ஆயுட்காலத்தை ஒரு நாள் முன்னதாகவே 86400 விநாடியிலிருந்து 300 ஆகக் குறையுங்கள்.

பிறகே பதிவுத் தளத்தில் கேட்வே முகவரியை மாற்ற வேண்டும். அடுத்து வரும் ஆர்ஐபி அறிவிப்புகளின் வழியாக உலகின் மற்ற கேட்வேக்கள் புதிய முகவரியைக் கற்றுக்கொள்ளும். ஆனால் அனைவரும் ஒரே கணத்தில் கற்பதில்லை. சிலர் பட்டியலை நாளுக்கொருமுறை கோப்பாக இறக்குபவர்கள். ஆகவே பழைய முகவரியில் டனல் பாக்கெட் வருவது அறவே நிற்கும் வரை அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். பழைய இடைமுகத்தில் புரோட்டோகால் 4-ஐ மட்டும் வடிகட்டி ஓர் இரவு டிசிபிடம்ப்பை ஓடவிட்டால், இன்னும் யார் பழைய முகவரிக்கு அனுப்புகிறார்கள் என்ற பட்டியல் காலையில் கையில் இருக்கும்.

நம் பக்கம் அறிவிப்பு வந்து சேர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டனல் இடைமுகத்தில் யுடிபி 520-ஆம் போர்ட்டைக் கவனித்தால், 44.0.0.1-இலிருந்து 224.0.0.9-க்கு வரும் பாக்கெட்டுகள் 5 நிமிடத்துக்குள் வரிசையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பெரும்பாலும் புதிய தீச்சுவர்தான் காரணம். இதில் ஏமாற்றும் அம்சம் என்னவென்றால், முன்பே எழுதப்பட்ட வழித்தடங்கள் அட்டவணையில் இருப்பதால் எல்லாம் இயங்குவதுபோலவே தோன்றும். மறுதொடக்கம் செய்த பிறகோ வெளிநாட்டுக் கேட்வே ஒன்று தன் முகவரியை மாற்றிய பிறகோதான் உண்மை வெளிப்படும்.

சுழலைத் தடுக்கும் ஒரு வரி

கேட்வேயில் நம் /24 முழுவதற்கும் ஒரு கருந்துளை வழித்தடம், அதாவது வந்த பாக்கெட்டை வீசியெறியும் வரி, இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் நடப்பது இதுதான். நடுவட்டம் ரிலே விழுந்து கூடலூரின் /28 உள் அட்டவணையிலிருந்து மறைகிறது. கூடலூருக்கென்று வரும் பாக்கெட்டுக்குக் குன்னூர் கேட்வேயில் குறிப்பான வழி இல்லை. எனவே பொதுவழியைப் பின்பற்றி மைய கேட்வேக்கு டனலில் அனுப்பிவிடுகிறது. மைய கேட்வேயோ இது குன்னூரின் /24 ஆயிற்றே என்று திருப்பி அனுப்புகிறது. பாக்கெட்டின் ஆயுள் எண்ணிக்கை தீரும் வரை அது கலிஃபோர்னியாவுக்கும் குன்னூருக்கும் இடையே கடல் தாண்டிப் போய் வந்துகொண்டே இருக்கும். டிரேஸ்ரூட்டில் அதே இரண்டு முகவரிகள் மாறி மாறி முப்பது வரிகள் வரை ஓடுவதைக் கண்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு பிங் பாக்கெட் பல டஜன் பாக்கெட்டுகளின் சுமையை நம் மெல்லிய இணைப்பின் மேல் ஏற்றிவிடும். கருந்துளை வரி இருந்தால், /28 மறைந்த கணத்தில் அந்தப் பாக்கெட் கேட்வேயிலேயே முடிந்துவிடும். குறுகலான தொகுதியே எப்போதும் முந்தும் என்பதால், /28-கள் உயிரோடிருக்கும்போது இந்த /24 வரி யாருக்கும் இடையூறு செய்வதில்லை.

குறுகலானதே முந்தும் என்ற இதே விதிதான், இணைய வலையமைப்புகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் முறையான பிஜிபி வழியாக நேரடியாக இணையத்தில் அறிவிக்க விரும்புவோருக்கும் கைகொடுக்கிறது. நாம் அறிவிக்கும் /24, மையத்தில் அறிவிக்கப்படும் /9 அல்லது /10-ஐ விடக் குறுகலானது. எனவே உலக இணையம் நம்மிடமே நேரடியாக வரும். /24-ஐ விடச் சிறிய தொகுதியை இணையத்தில் ஏற்கமாட்டார்கள். ஏஆர்டிசி-யின் அனுமதிக் கடிதமும் அதை ஏற்று அறிவிக்கும் சேவையாளரும் தேவை. பிஜிபி-க்கு மாறினாலும் டனலை உடனே அகற்றிவிடாதீர்கள். டனல் வழியாகவே நம்மைத் தேடும் கேட்வேக்கள் இன்னும் இருக்கும்.

சோதித்தல்

மாற்றம் முடிந்ததும் செய்யும் முதல் பிங் எதையும் நிரூபிப்பதில்லை. அது சிறிய பாக்கெட். டனலின் தலைப்பு 20 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 பைட் இணைப்பில் உள்ளே 1480-தான் மிஞ்சும். துண்டாக்கக்கூடாது என்ற குறியுடன் 1452 பைட் தரவைக் கொண்ட பிங் போக வேண்டும், 1453 போகக்கூடாது. தரவுடன் 28 பைட் தலைப்புகள் சேர்ந்து 1480 ஆகிறது. 1452-உம் போகவில்லையென்றால் நடுவில் எங்கோ இன்னொரு தலைப்பு சேர்கிறது. பயனர்பெயர் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஇ வகை இணைப்பாக இருந்தால் மேலும் 8 பைட் குறையும். சிறிய பக்கங்கள் திறந்து பெரிய பக்கங்கள் பாதியில் நின்றால், டிசிபி துண்டின் அளவைக் கேட்வேயில் வெட்டிவிடும் விதி புதிய இடைமுகத்துக்கு எழுதப்படவில்லை என்று கொள்ளலாம்.

டிரேஸ்ரூட்டை எப்போதும் இரு முனைகளிலிருந்தும், வெளியே 44 வலையமைப்பைச் சாராத ஓர் இணைப்பிலிருந்தும் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து மட்டும் எட்டவில்லை, மற்ற ஹாம் கேட்வேக்களிலிருந்து எட்டுகிறது என்றால், வழித்தடத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த முகவரிக்கு ஆம்ப்ர் டாட் ஆர்க் (ampr.org) களத்தில் பெயர்ப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத முகவரிகளை மைய கேட்வே இணையத்துக்கும் நமக்கும் இடையே கடத்தாமல் வந்தது.

திருப்பிய போக்குவரத்து எந்தப் பட்டையில் ஏறுகிறது

இதைத் தொழில்நுட்பக் குறிப்பேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் உரிமம் பெற்றவருக்கு இதுவே முதன்மையான பொறுப்பு. இந்தியாவில் 2018-இல் வெளியான அறிவிக்கையின்படி 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி, குறித்த சக்தி வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அங்கே வைஃபை குறியாக்கம் தடையின்றி இயங்கலாம். அமெச்சூர் உரிமத்தின் கீழ் இயக்கும் இணைப்பு வேறு. அங்கே பொருளை மறைக்கும் குறியாக்கமும் வணிகப் போக்குவரத்தும் கூடாது. கேத்தி வழி உரிமமற்ற பட்டையிலும் தொட்டபெட்டா வழி அமெச்சூர் பட்டையிலும் இருந்தால், செலவை 200 ஆக்கிய அந்த ஒரு செயலால் தொலைக் கணினியைக் குறியாக்கத்துடன் இயக்கும் எஸ்எஸ்ஹெச் அமர்வுகளும் பூட்டுக்குறி போட்ட இணையப் பக்கங்களும் அமெச்சூர் பட்டையில் ஏறிவிடும். ரூட்டர் இதைப் பிரித்தறியாது. ஆகவே ஒவ்வோர் அமெச்சூர் இணைப்பின் வாயிலிலும் இத்தகைய போக்குவரத்தைத் தடுக்கும் விதி நிரந்தரமாக இருக்க வேண்டும்; தானியங்கி ரூட்டிங் நள்ளிரவில் நம்மைக் கேட்காமல் வழி மாற்றும்போதும் அது காவல் நிற்கும். ரூட்டர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கையொப்பச் சோதனை இதில் சேராது. அது செய்தியை மறைப்பதில்லை, அனுப்பியவரை உறுதிசெய்கிறது. எனவே ஓஎஸ்பிஎஃப்பில் அதைத் தயங்காமல் இயக்கலாம், இயக்கவும் வேண்டும்.

பழையதை எப்போது அகற்றுவது

மாற்றம் வெற்றியடைந்த அன்றே பழைய வரிகளைத் துடைக்க வேண்டாம். ஒரு முழு மழைநாளும் ஒரு மின்தடையும் கடந்த பிறகு, ரூட்டர்கள் ஒருமுறையாவது தாமாக மறுதொடக்கமாகிப் புதிய அமைவுடன் எழுந்ததைப் பார்த்த பிறகு, பழைய டனலையும் பழைய தீச்சுவர் விதிகளையும் நீக்குங்கள். நீக்கும் செயலும் ஒரு வழித்தட மாற்றமே. அதற்கும் தனித் தாளும் தானாக மீளும் ஏற்பாடும் வேண்டும். அமைவுக் கோப்பைத் தேதியும் நிலையத்தின் பெயரும் தெரியும்படி பெயரிட்டு, ஒரு நகலைக் குன்னூரிலும் இன்னொன்றை மலைக்கு வெளியே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உள்ள நண்பரிடத்திலும் வையுங்கள். ரூட்டரின் கடிகாரம் இந்திய நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் மாற்றம் செய்த நேரத்தை அதே கடிகாரத்தைக் கொண்டு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து யாரேனும் "அன்று முதல்தான் சரியில்லை" என்று சொல்லும்போது, அந்த ஒரு வரியை வைத்தே நான்கு ரூட்டர்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சாவி வைத்திருப்பவர் மாறியிருந்தால் அந்தப் பெயரையும் அன்றே திருத்திவிடுங்கள்.